டிஸ்க் இல்லாமல் விண்டோஸைத் திரும்பப் போட்ட அனுபவம்

அக்காவின் லேப்டாப் ஒரு நாள் காலையில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று காட்டும், புள்ளிகள் கொஞ்ச நேரம் சுற்றும், சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2017-இல் விண்டோஸ் 10 ஹோமோடு வாங்கிய மெஷின் அது. இது நடந்தது 2021-இல்.

"ஃபார்மட் அடிச்சுடலாமா தம்பி?" என்று கேட்டாள். உடனே அடுத்த கேள்வியும் அவளிடமிருந்தே வந்தது. "ஆனா வாங்கும்போது சிடி எதுவும் குடுக்கலையே?"

வாங்கிய பெட்டியை எடுத்துப் பார்த்தோம். உள்ளே வாரன்டி அட்டையும் மெல்லிய கையேடும் மட்டும்தான். டிஸ்க் கிடையாது. அந்த லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற இடமே கிடையாது. இந்த நிலையில் பலரும் செய்வது ஒன்றுதான். யாரிடமாவது ஒரு விண்டோஸ் பென்டிரைவை இரவல் வாங்கிப் போட்டுவிட்டு, உரிமம் இல்லாமலேயே விண்டோஸை அசல் போலக் காட்டும் ஆக்டிவேட்டர் என்று ஏதோ ஒன்றை ஓடவிடுவார்கள். அந்த மென்பொருள் செய்யச் சொல்லும் முதல் வேலையே ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்பதுதான். வங்கிக் கணக்கைத் திறக்கிற மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. அதைவிட வருத்தமான விஷயம், அவர்கள் காசு கொடுத்து வாங்கிய அசல் உரிமம் அதே மெஷினுக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. டிஸ்க் தொலைந்தால் விண்டோஸே தொலைந்த மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிஸ்க்கில் இருப்பது வெறும் நிறுவும் கோப்புகள். அவை எல்லோருக்கும் ஒன்றுதான், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உரிமம் வேறு, அது மெஷினோடு ஒட்டியது. மூன்றாவதாக நம் கோப்புகள். மறுபடி எங்கிருந்தும் கிடைக்காதவை இவை மட்டும்தான். ஆகவே பதற்றப்பட வேண்டியது டிஸ்க்குக்காக அல்ல.

விண்டோஸ் 7 காலத்து அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த லேப்டாப்பை முதல்முறை திறந்தபோதே 'ரெகவரி (மீட்பு) டிஸ்க்குகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பெட்டி வந்தது. பிறகு பார்க்கலாம் என்று மூடினேன். கொஞ்ச நாள் கழித்து இடம் போதவில்லை என்று, ரெகவரி என்ற பெயரில் இருந்த பார்ட்டிஷனையும் (ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி) அழித்தேன். தயாரிப்பாளர் டிஸ்க்குக்குப் பதிலாகக் கொடுத்திருந்ததே அந்தப் பார்ட்டிஷன்தான் என்பது அப்போது தெரியாது. பிறகு வைரஸ் வந்து விண்டோஸைத் திரும்பப் போட வேண்டி வந்தபோது கையில் எதுவும் இல்லை.

விண்டோஸின் உரிம எண்ணான புராடக்ட் கீயைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளை ஓட்டி, அது காட்டிய 25 எழுத்துகளைக் கவனமாக எழுதி வைத்துக்கொண்டேன். நிறுவி முடித்து அதைக் கொடுத்தால் ஏற்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் மெஷின்கள் எல்லாவற்றிலும் ஒரே பொதுக் கீயைப் போட்டு அனுப்பினார்கள். மெஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸில் இருக்கும் அடையாளமும் தயாரிப்பாளரின் சான்றிதழும் கூட இருந்தால்தான் அது வேலை செய்யும். எனக்குச் சேர வேண்டிய கீ லேப்டாப்பின் அடிப்பாகத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது. நான்கு வருடம் மடியிலும் மேசையிலும் உரசி, பாதி எழுத்துகள் அழிந்து போயிருந்தன.

பக்கவாட்டில் டார்ச் அடித்து, போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்துத்தான் மீட்டேன். அப்போது ஒரு விவரம் பெரிய உதவியாக இருந்தது. விண்டோஸ் 7 வரையான கீகளில் ஆங்கில எழுத்துகளான ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்தும் வராது, எல், என், எஸ், இசட் வராது, 0, 1, 5 என்ற எண்களும் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியமா ஓவா என்று குழம்ப வேண்டாம். அது இரண்டுமே இல்லை, கியூவாகவோ டியாகவோதான் இருக்கும். மீதிக் குழப்பம் 8-க்கும் பிக்கும், 6-க்கும் ஜிக்கும் இடையில்தான். நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் சரியானது அமைந்தது. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் அந்த ஸ்டிக்கரை இன்றைக்கே ஒரு படம் எடுத்து, அந்த மெஷினுக்கு வெளியே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு இந்தத் தொல்லை போயிற்று. முன்கூட்டியே விண்டோஸ் போட்டு விற்கும் மெஷின்களில் கீயை மெஷினின் முக்கியச் சர்க்யூட் பலகையான மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள். நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானே படித்துக்கொள்ளும். அக்காவின் லேப்டாப் இந்த வகை என்பதால் உரிமத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அவளுடைய கோப்புகளைப் பற்றித்தான். ஒன்பது வருடப் புகைப்படங்கள், வேலை ஆவணங்கள், பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகள். எதற்கும் பேக்கப் இல்லை.

ரெகவரி பார்ட்டிஷன் அதில் இருந்தது. தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தினால் வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் அந்த மீட்பு அவளுடைய எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நடக்கும். 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்ற தேர்வோடு வரும் விண்டோஸின் சொந்த ரீசெட்டையும் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கே பழுதாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அதன்மேல் எதையும் எழுதவிட எனக்குத் துணிவு வரவில்லை.

எனவே என் கணினியில் ஒரு பென்டிரைவில் உபுண்டு லினக்ஸைப் போட்டேன். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடும் அது. பூட் மெனுவுக்குப் போக எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மெஷினுக்கு ஒரு விசை. தொடங்கும் கணத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஷட்டவுன் செய்தும் பூட் மெனு வராவிட்டால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அரைத்தூக்கத்தில் வைக்கிற மெஷினை அது முழுதாக அணைக்கும். தொடக்கத் திரையையே தாண்டாத மெஷினில் பவர் பட்டனைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிப்பதுதான் வழி.

உபுண்டு வந்ததும் முதலில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியைத் திறந்து ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள்) சில நூறு இருந்தன. விண்டோஸ் தானாகக் கெடவில்லை, அடியில் இருந்த டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் அதே டிஸ்க்கில் திரும்ப விண்டோஸ் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து நின்றிருப்போம், அதற்குள் படங்களும் போயிருக்கும். விண்டோஸ் கெட்டுப்போனால் உடனே திரும்பப் போடுவதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில், விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கின் மேலேயே எழுதும், சில சமயம் மீட்க முடிந்ததையும் கலைத்துவிடும். முதலில் நகல், மற்றதெல்லாம் அப்புறம். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் நகலெடுக்கக்கூட முயலாமல் அணைத்துவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது.

சி டிரைவைத் திறந்தபோது, விண்டோஸ் உறக்க நிலையில் இருக்கிறது, படிக்க மட்டும்தான் அனுமதி என்று உபுண்டு சொன்னது. எனக்கு வேண்டியதும் அதுதான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நகலெடுக்க ஆரம்பித்தேன். முக்கியமானவை முதலில். படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ். அவை முடிந்ததும் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில் அக்காவின் பெயரில் இருந்ததை, மென்பொருள்கள் தங்கள் விவரங்களை வைக்கும், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' உட்பட, மொத்தமாக எடுத்தேன். எது தேவை எது வேண்டாம் என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். பிரௌசர் புக்மார்க், மெயில் மென்பொருளின் கோப்பு, கேம் சேவ் எல்லாம் யாரும் நினைத்துப் பார்க்காத மூலையில் இருக்கும். கணக்கு மென்பொருள்கள் சில சி டிரைவின் அடியிலேயே தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளும், அதையும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்தேன். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். கட்டுரை பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

நகலெடுப்பு இரவு முழுவதும் போயிற்று. விண்டோஸ் போடுவது அரைமணி வேலை, இதுதான் உண்மையான வேலை. பதினேழு படங்களைப் படிக்கவே முடியவில்லை. மற்ற எல்லாம் வந்தன. காலையில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை என் கணினியில் செருகி, அங்கங்கே இருபது முப்பது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பெயரும் அளவும் சரியாக இருந்தாலும் உள்ளே வெறுமையாக இருக்கலாம். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று கணக்கில் வைப்பதில்லை.

உபுண்டு பென்டிரைவ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் நோட்பேடை அழைத்து, கோப்பைத் திற என்று கொடுத்தால் வரும் பெட்டியில் எல்லா டிரைவும் தெரியும். கோப்பு வகையில் 'எல்லாம்' என்று மாற்றிக்கொண்டு, அங்கேயே வலது கிளிக் செய்து நகலெடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒட்டலாம். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டாது, அதனால் பெரிய ஃபோல்டருக்குப் பொறுமை வேண்டும்.

புதிய மெஷின்களில் இந்த இடத்தில் ஒரு தடை வரும். விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கரால் ஹார்ட் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு, 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டுத் திரை நின்றுவிட்டது. தன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கினால் பல மெஷின்களில் அது தானாகவே நடந்துவிடுகிறது. போனிலிருந்து அதே கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பட்டியலில் பார்த்தபோது கீ இருந்தது. கணக்கின் பாஸ்வேர்டு மறந்து, அதை மீட்கவும் முடியாமல் போயிருந்தால் அவர் படங்களை யாராலும் மீட்டிருக்க முடியாது. விண்டோஸ் டிஸ்க் தொலைந்ததைவிட ஆயிரம் மடங்கு பெரிய இழப்பு அது. அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, அக்காவின் லேப்டாப்புக்கு வருகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை, 240 ஜிபி அளவில், போட்டேன். இப்போது ரெகவரி பார்ட்டிஷனும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை, விண்டோஸ் டிஸ்க்கும் இல்லை. முழு வெறுமையிலிருந்து தொடக்கம்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' என்று ஒரு கருவி இருக்கிறது. அதை என் கணினியில் இறக்கி ஓட்டி, 8 ஜிபி பென்டிரைவைச் செருகினால், தேவையான கோப்புகளை இறக்கி, பூட் ஆகும்படி அதுவே அமைத்துத் தருகிறது. பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழியும், காலி பென்டிரைவாகப் பார்த்து எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளை நம்பாமல், முகவரி மைக்ரோசாஃப்ட் உடையதுதானா என்று பார்த்து இறக்குவது முக்கியம். எல்லாம் சேர்த்துத் தயார்செய்து தருகிறோம் என்று வேறு தளங்களில் கிடைக்கும் ஐஎஸ்ஓக்களில் (நிறுவும் டிஸ்க்கின் முழு நகலான கோப்புகள்) உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியலாம். முன்னால் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கில் 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்தவர்கள் உண்டு. பென்டிரைவை யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கினாலே போதும்.

மொழி கேட்டது, நிறுவு என்றேன். கீ கேட்கவில்லை. ஹோமா புரோவா என்றுகூடக் கேட்கவில்லை. மதர்போர்டில் இருந்த கீயைப் படித்து ஹோமை அதுவே எடுத்துக்கொண்டது. கீ கேட்கும் மெஷினாக இருந்தால், 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டு, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹோம் உரிமம் உள்ள மெஷினில் பெரியதாக இருக்கட்டும் என்று புரோவைப் போட்டால் ஆக்டிவேட் ஆகாது, பிறகு ஆக்டிவேட்டரைத் தேடிப் போவார்கள். நண்பர் ஒருவரின் லேப்டாப் மூன்று வருடம் இப்படித்தான் திருட்டு புரோவில் ஓடிக்கொண்டிருந்தது. ஹோமைப் போட்டதும் ஒன்றும் செய்யாமலேயே அசலாகிவிட்டது.

எந்த டிஸ்க் என்று கேட்கும் திரையில் காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்து என்று கொடுத்தால் போதும், தேவையான சிறு பார்ட்டிஷன்களை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். வேறு டிஸ்க்குகள் செருகியிருந்தால் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். அந்தத் திரையில் கைதவறினால் திரும்ப வழியில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப் சிலவற்றில் இந்தத் திரையில் டிஸ்க்கே தெரியாது. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் தளத்தில் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை (டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் மென்பொருள்) இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

கோப்புகள் ஏறி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன். விட்டுவைத்தால் சில மெஷின்கள் மறுபடி பென்டிரைவிலிருந்தே தொடங்கி, மொழி கேட்கும் முதல் திரைக்கே கொண்டுவந்துவிடும்.

டெஸ்க்டாப் வந்தது, வைஃபை வரவில்லை. வைஃபை டிரைவர் இல்லை, அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் அமைப்பில் போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தேன். ஆண்ட்ராய்டு போன் அப்படிச் செருகினால் பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் அந்த வழியே மீதி டிரைவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டது, வைஃபையும் வந்தது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து அக்காவிடம் காட்டினேன். டிஜிட்டல் உரிமத்தோடு ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தது. டிஸ்க்கே புதிது, ஒரு எழுத்துகூட நாங்கள் தட்டவில்லை.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் உரிமம் போகாது, மதர்போர்டை மாற்றினால்தான் பிரச்சினை. அதற்கு முன்பே உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், பிறகு ட்ரபுள்ஷூட்டரில் 'வன்பொருளை மாற்றினேன்' என்று சொல்லி மீட்க முயலலாம். கடையில் விண்டோஸோடு வாங்கிய மெஷின் என்றால் அந்த உரிமம் பொதுவாக அந்த மெஷினுக்கு மட்டும்தான்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இப்போது இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பிராசஸரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காத பழைய மெஷினில் இணையம், எழுத்து வேலைதான் என்றால் லினக்ஸ் போடுவதை நான் தயங்காமல் சொல்வேன்.

வேலை முடிந்ததும் 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரெகவரி டிரைவை உருவாக்கினேன். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் தேர்வை டிக் செய்தால்தான் அது முழுமையாகத் திரும்பப் போட உதவும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் டிரைவர்களுக்கு ஒரு ஃபோல்டர், அதில் வைஃபை டிரைவர் முதலாவதாக. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். திரையோரத்தில் மஞ்சள் ஸ்டிக்கி நோட்ஸில் நிறைய எழுதி வைத்திருந்தாளாம், அது எங்கே என்று கேட்டாள். அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது, அவளும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் மொத்தமாக எடுத்த ஆப்டேட்டாவுக்குள், அந்த ஆப்பின் ஃபோல்டரில் 'பிளம்' என்ற பெயரில் மூன்று கோப்புகள் இருந்தன. ஸ்டிக்கி நோட்ஸை மூடிவிட்டு மூன்றையும் புதிய இடத்தில் வைத்துத் திறந்ததும், குறிப்புகள் அத்தனையும் பழைய நிறத்திலேயே வந்து நின்றன. முதல் குறிப்பில் பிள்ளைகளின் தடுப்பூசித் தேதிகள் இருந்தன.